கொண்டைக்கள்ளியை நானே அறுத்தேன்

திருவள்ளூர்,
துர்முகி வருஷம் ஆவணி மாதம்,
செவ்வாய்க்கிழமை.

சௌபாக்கியவதி வைஜயந்திக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. வீரராகவப் பெருமாள் கடாட்சத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நன்றாயிருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்க்கிறவரைக்கும் எங்கள் சௌக்கியத்தைப் பாதி சௌக்கியம் என்று வைத்துக்கொள். தில்லியில் மழை விட்டதா, கால் வீக்கம் வடிந்ததா, டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னாளே, குறைத்தாயா, இல்லை மாப்பிள்ளை ஆபீசுக்குப் போனதும் ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறாயா, ஒளிக்காமல் எழுது. மாடிப்படி ஏறாதே, குழாயடியில் மற்றவர்களோடு போட்டிபோட்டுக் குடத்தைத் தூக்காதே, படுக்கும்போது ஒருக்களித்துப் படு. இங்கே ஆடி அமாவாசைக் கூட்டம் போனதிலிருந்து தெருவே வெறிச்சென்றிருக்கிறது. உன் அப்பாவுக்குக் கோவிலில் பிரபந்தம் ஓதுகிற சேவாகாலம் அதிகமாகித் தொண்டை கட்டி, இரண்டு நாள் மிளகுக் கஷாயம் போட்டுக்கொடுத்தேன். இப்போது குரல் திரும்பிவிட்டது, அதற்குள் என்னை இரண்டு தடவை அதட்டியாகிவிட்டது, ஆகவே கவலையில்லை.

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. வழக்கம்போல் அவர்தான் கூடத்தில் நின்றுகொண்டு தெருக்கோடிவரைக்கும் கேட்கிற மாதிரி படித்தார். டாக்டரம்மா மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னாள், இடுப்பெலும்பு குறுகலாயிருக்கிறது, இந்தத் தடவையும் தானாகப் பிரசவமாகட்டும் என்று விடமுடியாது, வயிற்றைத் திறந்துதான் குழந்தையை எடுக்கவேண்டும், புரட்டாசி பிறந்ததும் நாள் குறிக்கலாம் என்றாள், அம்மா எழுதினபடியே நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை, இவர் இரண்டு நாளாய் என்னோடு பேசவில்லை என்று நீ எழுதின இடத்துக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. மீதியை மனசுக்குள்ளேயே படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார், கிணற்றடிக்குப் போய் உன் செடிகளுக்கு முன்னால் நின்றார். நேற்று மாப்பிள்ளைக்கு ஒரு தந்தி கொடுத்தோம், வந்திருக்கும். ஆபரேஷனுக்கு அம்மாவுக்குச் சம்மதம், உடனே கையெழுத்துப் போடவும் என்று. நீ அதை நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அப்பாவே எழுதி என் பேரைப் போட்டுவிட்டார் என்றுதான் நினைப்பாய். அதனால்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்தேன். இது என் கோணல் எழுத்து, உனக்குத் தெரியாததல்ல. வைஜயந்தி, கையெழுத்துப் போட்டுவிடு. ஆடி மாசத்தில் நான் உனக்கு எழுதினது தப்பு.

என்ன எழுதினேன் என்று எனக்கு வரி மறக்கவில்லை. நம் ஊர்ப் பெருமாளே வைத்தியனாய் எழுந்தருளியிருக்கிறபோது உன் உடம்பில் கத்தி வைக்க வேறு ஒருத்தி எதற்கு, வயிற்றுப்பிள்ளைக்காரி மேல் இரும்பு படவே கூடாது, நான் உனக்காக வேண்டிக்கொண்டு திருக்குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்திருக்கிறேன், பயப்படாமல் இரு, முடியாது என்று சொல்லிவிடு என்று எழுதினேன். எழுதி முடித்து ஒட்டும்போது ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. உன் அப்பா அப்போதே, இது நாம் சொல்லவேண்டிய விஷயமில்லை, டாக்டர் சொல்லவேண்டியது என்றார். உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் பெற்றீர்களா என்று வாயை அடைத்துவிட்டேன். பெண்கள் விஷயம் என்று சொன்னால் அவர் ஒதுங்கிக்கொள்வார் என்று முப்பது வருஷமாய் எனக்குத் தெரியும், அதை நான் நல்லதுக்கும் உபயோகித்திருக்கிறேன், கெட்டதுக்கும் உபயோகித்திருக்கிறேன். இப்போது நான் ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்றால் அது உன் கொண்டைக்கள்ளி விஷயம். சிரிக்காதே, முழுக்கப் படி.

நீ கல்யாணமாகிப் போகும்போது ஏழு கள்ளித் தொட்டியையும் அப்பாவிடம் ஒப்படைத்து, எதற்கு எப்போது தண்ணீர், எதற்கு எத்தனை வெயில் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அவர் அதைப் பிரபந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் செய்துகொண்டு வந்தார். சனிக்கிழமை தோறும் தொட்டிகளைக் கால் வட்டம் திருப்பி வைப்பார், எல்லாப் பக்கமும் வெயில் படவேண்டுமாம். ஆரம்பத்தில் கோவில் கைங்கர்யக்காரர் வீட்டில் முள்செடியா என்று தெருவே பேசினதும், நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதை நம் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் சாராளிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னதும், வாசலிலும் கூடத்திலும் வைக்கக்கூடாது, கிணற்றடியோடு சரி என்று கடைசியில் ஒத்துக்கொண்டதும் உனக்கு ஞாபகமிருக்கும். அப்போது உனக்குப் பதினாலு வயசு. மிஷன் டாக்டரம்மா சீமைக்குத் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போன செடிகளைச் சாராள் தன் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் வளர்த்துக்கொண்டிருந்தாள், நீ பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே பழியாய்க் கிடந்தாய். அந்தக் கொண்டைக்கள்ளி மட்டும் வேலிக்கள்ளி மாதிரி இல்லை என்று எனக்கே தெரிந்தது. அடியில் விரற்கடை உயரத்துக்கு ஒரு பச்சைத் தண்டு, அதன் தலையில் கைவிசிறியை விரித்து ஓரமெல்லாம் கொசுவம் வைத்த மாதிரி ஒரு கொண்டை. முக்கால்வாசி மஞ்சள், ஓரத்தில் மட்டும் ரோஜா நிறம், பச்சை என்று தேடினால் நகக்கண் அளவு. மற்றக் கள்ளி ஒரே நுனியில் வளரும், இதற்கு நுனி ஒன்றாய் நிற்காமல் வரிசையாய்ப் பரவிவிட்டது, ஆயிரத்தில் ஒன்று இப்படி ஆகும் என்று சாராள் சொன்னாள் என்று நீ வந்து சொன்னாய். பச்சை இல்லாததால் அதற்குத் தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ளத் தெரியாது, கீழே இருக்கிற பச்சைத் தண்டுதான் அதற்கும் சேர்த்துச் சமைத்துப் போடுகிறது, அதனால்தான் அறுத்து இதன்மேல் ஒட்டியிருக்கிறது என்றும் சொன்னாய். நான் அதையெல்லாம் காதில் வாங்காத மாதிரி அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆனால் காலையில் தண்ணீர் சேந்தப் போகும்போது சூரியன் அதன் பின்னாலிருந்து எழும்பும், அந்த ரோஜா ஓரம் விளக்கு ஏற்றின மாதிரி ஆகும், கயிற்றைப் பிடித்தபடியே நான் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். உன் அப்பாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை. அவர் மட்டும், இன்றைக்கு ஒரு மடிப்பு கூடியிருக்கிறது என்று குழந்தைக்குப் பல் முளைத்த மாதிரி வந்து சொல்லுவார்.

சரி, தப்பு எங்கே நடந்தது என்றால், நீ மறுபடி உண்டாகியிருக்கிறாய் என்று பங்குனியில் கடிதம் வந்ததே, அன்றைக்கே நான் வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். கர்ப்பிணிப் பெண் இருக்கிற குடும்பத்தில் மரம் மட்டை, செடி கொடி எதையும் வெட்டக்கூடாது என்று. அது பிள்ளைத்தாய்ச்சியின் புருஷனுக்குச் சொன்ன விதி, எனக்கும் உனக்கும் எதற்கு, நாம் இருப்பது திருவள்ளூரில், அவள் இருப்பது தில்லியில் என்றார் உன் அப்பா. போன தடவை குறை வைத்தோமே, இந்தத் தடவை ஒரு குறையும் வைக்கமாட்டேன் என்று நான் ஒரே பிடிவாதம். கொல்லையில் வாழை குலை தள்ளி, பழுத்து, அணிலும் காக்காயும் தின்று தீர்த்தது, வெட்டவிடவில்லை. முருங்கைக் கிளை பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்து அவர்களோடு பேச்சுவார்த்தை நின்றது, வெட்டவிடவில்லை. வாழைக்காயை மட்டும் தினம் நறுக்குகிறாயே, அது செடியில் காய்த்ததில்லையா, ஆகாசத்திலிருந்து விழுந்ததா என்று உன் அப்பா கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அப்போதுதான் கொண்டைக்கள்ளியின் பச்சைத் தண்டில் பக்கக் கன்று முளைத்தது, முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, மூன்று. அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கீழே பச்சைக் கன்று விட்டால் உடனே கிள்ளி எறியவேண்டும், இல்லாவிட்டால் சத்தையெல்லாம் அதுவே எடுத்துக்கொண்டு மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும் என்று நீயே எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறாய். நான் குறுக்கே நின்றுகொண்டேன். நீ உண்டாகியிருக்கிறபோது உன் செடி கன்று விடுகிறது, அதைப் போய் யாராவது கிள்ளுவார்களா, எத்தனை நல்ல சகுனம் என்றேன். அதுமட்டுமில்லை, அன்றையிலிருந்து அந்தச் செடியையே உனக்கு அடையாளமாய் வைத்துக்கொண்டுவிட்டேன். செடி நன்றாயிருந்தால் நீ நன்றாயிருப்பாய் என்று. சனிக்கிழமைகளில் பெருமாள் திருமஞ்சன தீர்த்தம் கொண்டுவந்து அவருக்குத் தெரியாமல் அதற்கு விடுவேன். மாசத்துக்கு இரண்டு தரம் குடிக்கிற செடிக்கு, மழைநாளிலும் விடாமல், வாராவாரம் ஒரு செம்பு.

கன்றுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மேலே கொண்டை சுருங்கிக்கொண்டே வந்தது, ரோஜா ஓரம் வெளுத்து, மடிப்பெல்லாம் தளர்ந்தது. பாவம், வாடியிருக்கிறதே என்று இன்னும் ஒரு செம்பு விட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். போன புதன்கிழமை உன் கடிதம் வந்ததா, வெள்ளிக்கிழமை காலையில் நான் கிணற்றடிக்குப் போகிறேன், கொண்டை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் அடித்தண்டு அழுகின வாழைப்பழமாய் விரலுக்குள் போகிறது. அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா ஓடிவந்து, உனக்கு ஏதோ ஆகித் தந்தி வந்துவிட்டது என்று பயந்து, அவரும் என்னோடு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் விஷயம் தெரிந்து, இதற்கா என்று கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன், கோபிக்கவில்லை. சாராள் கும்மிடிப்பூண்டி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போயிருக்கிறாள், எடுத்துக்கொண்டு போகலாம் வா என்றார். சாராள் பேரைச் சொன்னதும் நான் மாட்டேன் என்றேன். ஏன் மாட்டேன் என்றேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அதைத்தான் உனக்கு முக்கியமாய் எழுதவேண்டும். ஆனாலும் மறுநாள் காலை வண்டிக்குக் கிளம்பிவிட்டேன். செடியைக் காப்பாற்ற இல்லை, பயத்தில்.

மூங்கில் கூடையில் பழைய வேஷ்டியைச் சுற்றித் தொட்டியை வைத்துக்கொண்டு உன் அப்பா மடியில் ஏந்திக்கொண்டார். பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கூடூர் வண்டிக்கு மாறினோம். வண்டியில் ஒரு தெலுங்குக்காரி, பெருமாள் பிரசாதம் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கூடையில் கையை வைத்தாள், முள் குத்தி ஐயோ அம்மா என்று கத்தினாள். உன் அப்பா அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவளுக்கே இந்தச் செடியின் மகிமையைப் பொன்னேரி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாராள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தாள், அப்புறம் கூடையைப் பார்த்தாள், வேஷ்டியை அவிழ்த்தாள். இன்னா மாமி, இப்புடி ஊறப்போட்டுக்கினு வந்துக்கிறீங்க, ஒருத்தரு கூடவா இந்தக் கன்னுங்கள கிள்ளிப் போடல என்றாள். உன் அப்பா என்னைப் பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன், வைஜயந்தி உண்டாகியிருக்கிறாள், அதனால் வெட்டவிடவில்லை என்று. அவள் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. அடித்தண்டு போய்விட்டது, கொண்டையை மட்டும் அறுத்து எடுத்து வேறு தண்டில் ஒட்டவேண்டும், இன்றைக்கே செய்யவேண்டும் என்றாள். உள்ளே போய்ப் புது பிளேடும் ஸ்பிரிட்டும் பஞ்சும் நூலும் கொண்டுவந்து வைத்து, தன் தொட்டியிலிருந்து ஒரு கட்டைவிரல் கனத்துக்குப் பச்சைத் தண்டு ஒன்றையும் எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் தயார் பண்ணிவிட்டுப் பிளேடை என் பக்கமாய் நீட்டினாள். உங்க ஊட்டுச் செடி, உங்க கையாலதான் அறுக்கணும், நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நீங்க என்னத்தான் சொல்லுவீங்க என்றாள். கோபமாய்ச் சொல்லவில்லை, சாதாரணமாய்ச் சொன்னாள். அது எனக்குச் சுருக்கென்றது.

பிளேடை வாங்கிக்கொண்டேன். நீ உண்டாகியிருக்கிறபோது நான் கத்தி எடுத்தேன் வைஜயந்தி, பெருமாளே என்று சொல்லிக்கொண்டுதான் எடுத்தேன், முள் இரண்டு இடத்தில் கையில் ஏறிவிட்டது. வேலிக்கள்ளி மாதிரி பால் வடியும் என்று பயந்தேன், இது வேறு ஜாதி, பால் கிடையாது, வெள்ளரிக்காய் மாதிரி ஈரம்தான். முதல் துண்டு அறுத்ததும் உள்ளே நடுவில் காசளவு பழுப்பு. பத்தாது, இன்னும் மேலே என்றாள் சாராள். இரண்டாவது துண்டில் பழுப்பு கடுகளவாய்ச் சிறுத்துவிட்டது. போதும், இதற்குமேல் அறுத்தால் கொண்டையே மிஞ்சாது என்று நான் நிறுத்தினேன். அந்தக் கடுக வுட்டீங்கன்னா அதுவே ஏறி முழுசையும் முடிச்சிடும் மாமி, பாவம் பாத்து நிறுத்தினா செத்துப்பூடும் என்றாள். உன் அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பல்லாண்டு சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது துண்டை அறுத்தேன். சுத்தமாய் இருந்தது, ஒரு புள்ளி இல்லை, நடுவில் மெல்லிய வளையம் மட்டும். அந்த வளையமும் புதுத் தண்டின் வளையமும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வைத்து, நூலைத் தலைக்குமேல் கொண்டுபோய்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டினோம். அதற்கு மட்டும் அவள் கை கொடுத்தாள். உள்ளங்கை அகலம் இருந்த கொண்டை இப்போது இரண்டு விரல் அகலம்தான். நிழலில் வைத்திருக்கிறது, ஒட்டுமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

இதைப் படித்ததும் ஓகோ, செடி பிழைத்துவிட்டது, அதனால்தான் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. ஒட்டு பிடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மூன்று வாரம் போனால்தான் தெரியும் என்று சாராள் சொல்லிவிட்டாள். செடியை அவளிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது பிழைத்தாலும் இதே கடிதத்தைத்தான் எழுதுவேன், செத்தாலும் இதேதான். செடியை அடையாளம் வைத்துக்கொண்டு உன் உயிரோடு விளையாடினது போதும்.

இனி அந்த முக்கியமான விஷயம். போன வருஷத்துக்கு முந்தின ஜய வருஷம் மாசியில் உனக்கு இங்கே நம் வீட்டில் முதல் பிரசவம் ஆனபோது, வலி எடுத்து இரண்டாம் நாள் விடியற்காலையில் நானே சாராளைக் கூட்டிவரச் சொன்னேனே, அவள் அறைக்குள் வந்து உன்னைப் பார்த்துவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். குழந்தை இறங்க வழியில்லை, அடுத்த வண்டியிலேயே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றாள். கத்தி வைப்பார்களா என்று கேட்டேன், வைக்கத்தான் வேண்டியிருக்கும் என்றாள். நான் அவளை அப்படியே கொல்லை வழியாகவே அனுப்பிவிட்டேன். உள்ளே வந்து உன் அப்பா கேட்டபோது, பொறுத்துப் பார்க்கலாம் என்று சாராள் சொன்னாள் என்றேன். நான் சொன்ன அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் சாயங்காலம் வரைக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அப்புறம் ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், நர்ஸ் கவனமாய்ப் பார்க்கவில்லை, அவளுக்குக் கைராசி இல்லை என்று நான்தான் சொன்னேன். நீயும் அதை நம்பி அவளுக்குக் கடிதம் போடுவதை நிறுத்திக்கொண்டாய். எனக்குப் பிராப்தமில்லை அம்மா என்று நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேனே, அப்போதுகூட எனக்கு வாய் வரவில்லை. உன் பிராப்தமுமில்லை, சாராளுமில்லை. நான்தான் வைஜயந்தி.

நூலைக் கட்டி முடித்ததும் இதைச் சாராளிடம் சொன்னேன், உன் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார், ஒரே தடவையில் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன், தனித்தனியாய்ச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தெரியும் மாமி, அப்பவே தெரியும், வுடுங்க என்றாள் அவள். இந்தத் தடவை டாக்டர் சொன்னதையும் நான் உனக்கு எழுதினதையும் சொன்னதும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. பிளேடை எடுத்து டப்பாவுக்குள் போட்டுச் சத்தமாய் மூடினாள். பயமே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், மயக்க மருந்து குடுக்கணும், ரத்தம் போவும், எல்லாம் இருக்குது, ஆனா அறுக்காம வுட்டா இன்னா ஆவும்னு உங்களுக்குத்தான் தெரியுமே, போயி மொதல்ல பொண்ணுக்குக் கடுதாசி போடுங்க என்றாள். திரும்பி வரும்போது உன் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கினதும் என்னைப் பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டு எங்கேயோ போனார். என்னை விட்டுவிட்டே போய்விடுவாரோ என்றுகூட நினைத்தேன். செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து குடி என்று கொடுத்தார். நேற்று, ஆபீஸ் திறந்த உடனேயே, தந்தி கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஆகவே நீ செய்யவேண்டியது என்னவென்றால், இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே மாப்பிள்ளையோடு போய் டாக்டரம்மாவைப் பார்த்துக் கையெழுத்துப் போடு. நாள் நட்சத்திரம் என்று ஒன்றும் கேட்காதே, அவள் குறிக்கிற நாள் நல்ல நாள். மாப்பிள்ளை பேசாமலிருந்தால் நீயே முதலில் பேசு, அவர் பயத்தில்தான் பேசாமலிருக்கிறார், நம் வீட்டிலும் ஒருவர் அப்படித்தான். நான் வருகிற வியாழக்கிழமை கிராண்ட் டிரங்க் வண்டியில் புறப்படுகிறேன், ஸ்டேஷனுக்கு அவர் மட்டும் வந்தால் போதும், நீ வராதே. பத்தியச் சாமான், சாற்றமுதுப் பொடி, சுக்கு, பழைய மல் துணி எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. ஆபரேஷன் அறை வாசலில் நான் நிற்பேன், வாயைத் திறக்கமாட்டேன், ஒருவரையும் தடுக்கமாட்டேன். சாராளுக்கு ஒரு கார்டு போடு, கும்மிடிப்பூண்டி சர்க்கார் ஆஸ்பத்திரி என்று விலாசம் எழுதினால் போய்விடும், என்னைப் பற்றி என்ன எழுதவேண்டுமோ எழுது. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, நான் சமைத்து வைப்பதை மட்டும் சாப்பிடு.

சுமங்கலியாய் இரு, புத்திர சம்பத்தோடு இரு என்று பெரியவர்கள் எல்லாரும் உன்னை ஆசீர்வாதம் பண்ணியாகிவிட்டது. நான் ஆயுசை மட்டும் சொல்கிறேன், நீ தீர்க்காயுசாய் இரு. இன்னும் ஒரே ஒரு விஷயம், இதை மாப்பிள்ளையிடமும் காட்டு. அப்படி ஒரு வேளை வரவேண்டாம், வந்தால் என்று எழுதிவைக்கிறேன். உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்து தாயா குழந்தையா என்று கேட்டால் அவர் திகைத்து நிற்கக்கூடாது, உன் அப்பாவுக்கு எழுதிக் கேட்கவும் வேண்டாம், வாசலில் நிற்கிற என்னைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். எனக்கு என் குழந்தை வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள் என்று சொல்லச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
அலர்மேல்மங்கை